முள்ளந்தண்டு வடப் பாதிப்பு: வாசகர் கேள்விகளும் எங்கள் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை திருகோணமலை மாவட்டத்தில் இருந்து வந்தவை. மரத்தால் விழுந்தவர்கள், மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டவர்கள், யுத்த காலத்தில் செல் துண்டு முதுகில் பாய்ந்தவர்கள் என்று பலர் சார்பிலும் அவர்களின் மனைவியரும் பிள்ளைகளும் சகோதரங்களும் எழுதியிருக்கிறார்கள். வைத்தியசாலை உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பியது, அதற்குப் பிறகு நாளாந்தம் என்ன செய்வதென்று யாரும் ஆறுதலாக இருந்து சொல்லித் தரவில்லை என்பதே அநேகமாக எல்லோருடைய குறையும். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர் பிற்காலத்தில் எவ்வளவு நலமாக வாழ்வார் என்பது பெரும்பாலும் தோல், சிறுநீர்ப்பை, குடல் ஆகிய மூன்றையும் எப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்பதில் தங்கியிருக்கிறது. ஆகவே அவற்றுக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: வாப்பா தென்னையால் விழுந்ததில் இடுப்புக்குக் கீழே இயக்கமும் இல்லை, உணர்வும் இல்லை. ராகம புனர்வாழ்வு வைத்தியசாலையில் இருந்து வந்து மூன்று மாதம். வால் எலும்புக்கு மேலே ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் கறுத்த புண். காற்று மெத்தை வாங்கினோம். நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணை வைக்கிறோம். தினமும் அயடீன் போட்டுக் கட்டுகிறோம். ஏன் ஆறுதில்லை?
வாசகி, கிண்ணியா

பதில்: அந்த இடத்தில் அழுத்தம் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது. அது நீங்காத வரை எந்த மருந்தைப் போட்டாலும் புண் ஆறாது.

முதல் வேலையாக வளையத் தலையணையை எடுத்துவிடுங்கள். அதன் விளிம்பு சுற்றியுள்ள இரத்தக் குழாய்களை நசுக்குகிறது. நடுவில் தொங்கும் சதைக்கு இரத்தம் குறைந்து, அது வீங்கி, புண் அகலும்.

அடுத்தது காற்று மெத்தை. வாப்பா மல்லாந்து படுத்திருக்கும்போது, வால் எலும்புக்கு நேர் கீழே, மெத்தைக்கு அடியில் உங்கள் கையை உள்ளங்கை மேலே பார்க்க நுழைத்துப் பாருங்கள். கைக்கும் உடம்புக்கும் இடையில் குறைந்தது 2.5 சென்ரிமீற்றர் காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் தட்டுப்பட்டால் மெத்தை இருந்தும் இல்லாத மாதிரித்தான். பம்பில் உள்ள எடைக் குமிழை அவருடைய எடைக்குச் சரியாகத் திருப்பி, காற்றுக் குழாய் மடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மெத்தைக்கு மேல் ஒரு மெல்லிய விரிப்பு போதும். பிளாஸ்ரிக் தாள், மடித்த சேலை, மொத்தமான போர்வை எல்லாம் சேர்ந்தால் மெத்தையின் வேலை தடைப்படும். மின்சாரம் போனால் பல மெத்தைகளில் காற்று மெல்ல இறங்கிவிடும். அந்த நேரத்தில் மெத்தையை நம்பியிருக்காமல் புரட்டுவதை அடிக்கடி செய்யுங்கள்.

காற்று மெத்தை இருந்தாலும் புரட்டுவதை விட முடியாது. இரவு பகல் என்றில்லாமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும். வால் எலும்பில் புண் இருப்பதால் மல்லாந்து கிடத்தாமல் இடம், வலம் என்று மாற்றுங்கள். முழுதாக ஒருக்களித்துப் படுத்தால் தொடை எலும்பின் மேல்முனையில் அடுத்த புண் வரும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து ஏறத்தாழ 30 பாகை மட்டும் சரித்து வையுங்கள். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, கெண்டைக் காலுக்குக் கீழே ஒரு தலையணை. குதிக்கால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். கட்டிலின் தலைப்பக்கத்தை 30 பாகைக்கு மேல் உயர்த்தினால் உடம்பு கீழே சறுக்கும். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க உள்ளே எலும்பு இறங்குவதால் தோலுக்கு அடியில் உள்ள இரத்தக் குழாய்கள் இழுபட்டுக் கிழியும். சாப்பாட்டுக்கு நிமிர்த்தினால் முடிந்ததும் இறக்கிவிடுங்கள். புரட்டும்போது இழுக்காமல் விரிப்போடு சேர்த்துத் தூக்குங்கள்.

கறுத்த பொருக்கு என்பது செத்த சதை. அதன் அடியில் புண் எவ்வளவு ஆழம் என்று வெளியே தெரியாது. வீட்டில் சுரண்டவோ வெட்டவோ வேண்டாம். கிண்ணியா தள வைத்தியசாலையிலோ திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ சத்திரசிகிச்சை கிளினிக்கில் காட்டி அகற்றுவியுங்கள். காய்ச்சல், கெட்ட நாற்றம், சீழ், சுற்றிவரச் சிவந்து கல்லுப்போல் இறுகுதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கிளினிக் நாள் வரை காத்திராமல் அன்றைக்கே கொண்டுபோங்கள். எலும்பு வரை தொற்று இறங்கினால் மாதக்கணக்கில் வைத்தியசாலையில் இருக்க நேரிடும்.

அயடீனை நாள்தோறும் ஊற்றுவது புதிதாக வளரும் சதையையும் சாகடிக்கும். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் அப்படித்தான். வைத்தியர் குறிப்பிட்டுச் சொன்ன நாட்களுக்கு மட்டும் போடலாம். மற்றப்படி கழுவ சேலைன் போதும். ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மட்டமாக இரண்டு தேக்கரண்டி உப்புக் கரைத்து, ஆறவிட்டு மூடி வையுங்கள். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். கட்டும் துணியைப் புண்ணுக்குள் இறுக்கி அடைய வேண்டாம். மலம் ஊறினால் நேரம் பார்க்காமல் உடனே மாற்றுங்கள்.

புண் ஆறும் வரை கதிரையில் இருத்துவது ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படாமல் இருக்கட்டும். தொழுகைக்காக இருத்தும் நேரத்தையும் அந்தக் கணக்கில் சேருங்கள். மற்ற வேளைகளில் படுத்தபடியே தொழலாம் என்பதை வாப்பாவிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

சாப்பாட்டை மருந்துக்குச் சமமாக எடுங்கள். எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 60 கிலோ உள்ளவருக்கு 75 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் அளவும் 100 கிராம் மீனில் 20 கிராம் அளவும் கிடைக்கும். சூடையும் கீரியும் விலை கூடிய மீனுக்குக் குறைந்தவை அல்ல. சோற்றைக் குறைத்து மீன், முட்டை, பருப்பைக் கூட்டுங்கள். சிறுநீரகம் பழுதென்று ஏற்கெனவே சொல்லியிருந்தால் மட்டும் அளவை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிமேல் காலையும் மாலையும் தோலைப் பாருங்கள். பிட்டம், இடுப்பின் இரு பக்கம், குதிக்கால், கணுக்கால் மொளி, தோள்பட்டை. எங்கள் தோல் நிறத்தில் சிவப்பு சுலபத்தில் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ ஊதா நிறமாகவோ இருக்கிறதா, தொட்டால் சூடா, தடிப்பா என்று புறங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். அழுத்தத்தை எடுத்து அரை மணித்தியாலத்திலும் அடையாளம் மறையவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. அது மறையும் வரை அந்தப் பக்கம் கிடத்தக் கூடாது. அந்த இடத்தைத் தேய்க்கவும் கூடாது.

கேள்வி: அண்ணாவுக்குக் கழுத்தில் அடிபட்டு நான்கு வருடம். போன மாதம் திடீரென்று மண்டை பிளக்கிற தலையிடி, முகம் சிவந்து வேர்த்துக் கொட்டியது. ஒரு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். படுக்க வைத்துப் பனடோல் கொடுத்தார்கள், இன்னும் கூடியது. பிறஷர் 190. கடைசியில் ஒரு தாதி சலக் குழாய் மடிந்திருந்ததைக் கண்டு நேராக்கினா. பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டது. இது என்ன?
வாசகர், நிலாவெளி

பதில்: இதை ஒட்டொனொமிக் டிஸ்றிஃப்ளெக்சியா என்பார்கள். அந்தப் பெயரை அப்படியே மனப்பாடம் செய்யுங்கள், வைத்தியசாலையில் சொல்ல வேண்டிவரும். மார்பு முள்ளென்பு 6, அதாவது உங்கள் அட்டையில் டி 6 என்று எழுதியிருக்கும் மட்டத்திலோ அதற்கு மேலேயோ பாதிப்பு உள்ளவர்களுக்கு இது வரும். மூளையில் இரத்தக் கசிவு, வலிப்பு, மரணம் வரை போகக்கூடிய உண்மையான அவசர நிலை.

நடப்பது இதுதான். நிரம்பிய சிறுநீர்ப்பையில் இருந்து மேலே போகும் செய்தி அடிபட்ட இடத்தில் தடைப்படுகிறது. ஆனால் அதற்குக் கீழே உள்ள நரம்புகள் தாமாகவே இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகின்றன. அழுத்தம் ஏறுகிறது. மூளை அதை அறிந்து தளர்த்தச் சொன்னாலும் அந்தக் கட்டளை கீழே போய்ச் சேராது. எனவே அது செய்யக்கூடியது நாடித் துடிப்பைக் குறைப்பதும் மேல் உடம்பின் குழாய்களை விரிப்பதும்தான். முகம் சிவப்பதும் வேர்ப்பதும் மூக்கடைப்பதும் அதனால்தான்.

கழுத்தில் பாதிப்பு உள்ளவருக்குச் சாதாரண நாளில் மேல் அழுத்தம் (பிறஷரின் மேல் எண்) 90 முதல் 110 வரைதான் இருக்கும். அதைவிட 20 முதல் 40 கூடினாலே இந்த நிலை என்று எடுக்க வேண்டும். 140 என்பதைப் பார்த்து "கொஞ்சம்தான் கூட" என்று சொல்பவர் அவருடைய வழமையான அளவு தெரியாமல் சொல்கிறார். நல்லாக இருக்கும் நாட்களில் அளந்து அந்த எண்ணை எழுதி வையுங்கள்.

வந்தால் உடனே நிமிர்த்தி இருத்தி, கால்களைத் தொங்க விடுங்கள். படுக்க வைத்தால் தலைக்கு அழுத்தம் இன்னும் ஏறும். பெல்ற், வயிற்றுப் பட்டி, சப்பாத்து, யூரின் பேக் கட்டும் பட்டி எல்லாவற்றையும் தளர்த்துங்கள். பிறகு சிறுநீர்ப்பை. குழாய் மடிப்பு, முறுக்கு, நிரம்பிய பேக் இவற்றைப் பாருங்கள். குழாய் அடைபட்டிருந்தால் அதை மாற்றுவதே வழி. குழாய் இல்லாதவருக்கு, மரக்கச் செய்யும் லிக்னொகேய்ன் ஜெல்லி பூசி, இரண்டு நிமிடம் பொறுத்து, குழாய் ஏற்றிச் சலம் எடுங்கள். அதிலும் குறையாவிட்டால் மலம் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கும் ஜெல்லி பூசிப் பொறுத்திருந்தே விரலை விட வேண்டும், அவசரப்பட்டால் அதுவே அழுத்தத்தை ஏற்றும். இரண்டும் இல்லையென்றால் தோல்: புண், உள்ளே வளைந்த கால் நகம், சுருங்கிய காற்சட்டைத் தையல், சட்டைப் பையில் இருந்து நழுவிய திறப்பு. இரண்டு முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பிறஷர் அளந்துகொண்டே இருங்கள்.

காரணம் பிடிபடவில்லை, அல்லது மேல் அழுத்தம் 150ஐத் தாண்டி நிற்கிறது என்றால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அவர் இருந்தபடியே வரவேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். இந்த நிலையில் வேகமாக அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து கொடுக்கப்படும். அதில் நைட்ரேட் வகை மருந்தும் இருக்கலாம். அண்ணா ஆண்மைக்குறைவுக்கான சில்டெனஃபில் போன்ற குளிசை எடுத்திருந்தால் கூச்சப்படாமல் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் ஆபத்தாக விழுந்துவிடும்.

ஓர் அட்டை செய்து அவருடைய சட்டைப் பையிலும் கதிரையின் பின்னாலும் வையுங்கள். பாதிப்பின் மட்டம், வழமையான அழுத்தம், "படுக்க வைக்க வேண்டாம், சலக் குழாயை முதலில் பாருங்கள்" என்ற வரி. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதுங்கள். திருகோணமலையில் இரவு வேளையில் அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்பவர் எந்த மொழிக்காரர் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இந்த நிலையை நேரில் கண்டிராத வைத்தியரும் தாதியும் இருப்பார்கள். அட்டை அவர்களுக்கும் உதவி.

கேள்வி: நான்கு மணித்தியாலத்துக்கு ஒருக்கா நானே குழாய் போட்டுச் சலம் எடுக்கிறேன். கிளினிக்கில் தரும் குழாய் மாதம் முடிய முன்னம் முடிந்துவிடும். கழுவித் திரும்பப் பாவிக்கலாமா? சலம் கலங்கினால் பாமசியில் அன்ரிபயோட்டிக் வாங்கிப் போடுகிறேன். நோன்பு பிடிக்கலாமா?
வாசகர், மூதூர்

பதில்: நீங்களே எடுப்பது நிரந்தரமாகக் குழாய் வைத்திருப்பதைவிட நல்ல வழி, அதை விட்டுவிடாதீர்கள். நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் வருவது 500 மில்லிலீற்றருக்கு உள்ளே இருக்க வேண்டும். அதற்கு மேல் வந்தால் இடைவெளி நீண்டுவிட்டது என்று அர்த்தம். சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி விரிந்தால் அதன் சுவருக்கு இரத்தம் குறைந்து கிருமி இலகுவாகப் பிடிக்கும். உள்ளே அழுத்தம் கூடினால் சலம் மேலேறிச் சிறுநீரகத்தைத் தாக்கும். ஒரு கிழமைக்கு அளவு போட்ட போத்தலில் அளந்து, நேரத்தோடு கொப்பியில் எழுதுங்கள். கிளினிக்கில் அதைக் காட்டினால் வைத்தியர் உங்களிடம் கேட்கும் கேள்வியே மாறும்.

பைக்கற்றில் "ஒருமுறைப் பாவனை" என்றுதான் இருக்கும், முடிந்தால் அதுவே சிறந்தது. முடியாத நிலையில் கழுவிப் பாவிப்பவர்கள் பலர். செய்வதானால் சரியாகச் செய்யுங்கள். எடுத்தவுடனே, காய முன்னம், ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். 20 மில்லிலீற்றர் சிரிஞ்சால் சவர்க்காரத் தண்ணீரை உள்ளே பாய்ச்சி, பிறகு கொதித்து ஆறிய தண்ணீரால் நுரை போகும் வரை பாய்ச்சுங்கள். உதறி, தூசு படாத இடத்தில் தொங்கவிட்டு உள்ளும் புறமும் நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்த பிறகே மூடியுள்ள சுத்தமான பெட்டியில் போட வேண்டும். ஈரத்தோடு பொலித்தீன் பையில் சுருட்டி வைப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, கிருமி அதற்குள்தான் பெருகும். டெட்டோலில் ஊற வைக்க வேண்டாம், சலப் பாதையை அரிக்கும். கீறல், விறைப்பு, மங்கல் தெரிந்தால் எறியுங்கள். தெரியாவிட்டாலும் ஒரு கிழமைக்கு மேல் ஒரே குழாய் வேண்டாம். இன்னொருவரோடு பகிரவே கூடாது.

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உறுப்பின் நுனியைத் துடைத்து, தண்ணீரில் கரையும் ஜெல்லியைத் தாராளமாகப் பூசுங்கள். தேங்காய் எண்ணெயும் வசலினும் வேண்டாம். வளர்ந்த ஆணுக்கு 12 அல்லது 14 பிரெஞ்ச் அளவு (குழாயின் பருமன்) பொருந்தும். சலம் வரத் தொடங்கிய பிறகு இன்னும் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உள்ளே விட்டு, ஓட்டம் நின்றதும் மெதுவாக இழுங்கள். இடையில் திரும்பச் சொட்டினால் நிறுத்தி வடியவிடுங்கள். தடையாக இருந்தால் பலவந்தமாகத் தள்ளாமல் ஆழமாக மூச்சு விட்டுக் காத்திருங்கள். இரத்தம் தொடர்ந்து வந்தால் வைத்தியசாலைக்குப் போங்கள்.

கலங்கலும் மணமும் மட்டும் இருந்தால் அன்ரிபயோட்டிக் தேவையில்லை. குழாய் பாவிக்கும் பெரும்பாலானவர்களின் சலத்தில் கிருமி இருக்கும், அது மட்டும் நோயல்ல. அதற்கு ஒவ்வொரு தடவையும் குளிசை போட்டால், உண்மையாகக் காய்ச்சல் வரும் நாளில் வேலை செய்ய மருந்து மிஞ்சாது. முதலில் தண்ணீரைக் கூட்டுங்கள். காய்ச்சல், குளிர், விலாப் பக்க வலி, கால் இழுப்புத் திடீரென்று கூடுதல், வழமையில்லாமல் இடையில் கசிதல், உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருத்தல் என்றால்தான் தொற்று. அப்போதும் மருந்து தொடங்க முன்னம் கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று பார்க்கும் சோதனைக்கு) சலம் கொடுக்க வேண்டும். புதுக் குழாயால் எடுத்த சலம்தான் சரி, பேக்கில் தேங்கியது பயன்படாது.

நோன்பைப் பற்றி: பகல் முழுவதும் தண்ணீர் இல்லாமல் இருந்தால் சலம் செறிந்து கல்லும் தொற்றும் வர இடமுண்டு. முன்பு கல், சிறுநீரகத் தொற்று வந்திருந்தால் எங்கள் ஆலோசனை வேண்டாம் என்பதே. வராதவர் வைத்தியரிடம் கேட்டுப் பிடிப்பதானால், இஃப்தாரில் இருந்து சஹர் வரை குடிப்பதைப் பிரித்துக் குடியுங்கள். அந்த இரவுகளில் குழாய் போடும் தடவையும் கூட வேண்டும். ஒரே மூச்சில் ஒரு லீற்றர் குடித்துவிட்டு நித்திரைக்குப் போனால் விடியும்போது சிறுநீர்ப்பை வெடிக்கும் அளவுக்கு நிரம்பியிருக்கும்.

நிரந்தரக் குழாய் வைத்திருப்பவர்களும் எழுதியிருந்தார்கள். பலூனுக்குள் கிருமி நீக்கிய தண்ணீர் மட்டும், சேலைன் போட்டால் உப்புப் படிந்து கழற்றும்போது பலூன் சுருங்காது. பேக் எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே, ஆனால் நிலத்தில் படாமல் தொங்க வேண்டும். குழாயைத் தொடையிலோ அடிவயிற்றிலோ பிளாஸ்ரர் போட்டு ஒட்டுங்கள். இழுபட்டுக்கொண்டே இருந்தால் ஆண்களுக்கு உறுப்பின் அடிப்பக்கம் பிளந்துபோகும்.

கேள்வி: குடல் கழிவு எப்போது போகும் என்றே தெரியாது. கோயிலுக்கோ கலியாண வீட்டுக்கோ போகப் பயம்.
வாசகர், தம்பலகாமம்

பதில்: ஒரே நேரத்துக்குப் பழக்கினால் இந்தப் பயம் பெரும்பாலும் போய்விடும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு 20 முதல் 30 நிமிடத்தில் குடல் தானாக அசையும், அந்த நேரத்தைப் பிடியுங்கள். இடுப்பு மட்டத்துக்கு மேலே அடிபட்டு, கால்களில் இழுப்பு இருப்பவர்களுக்கு: 10 மில்லிகிராம் பிஸகோடில் சப்போசிட்டரியை (வாயால் விழுங்கும் குளிசை அல்ல, ஆசனவாயில் வைப்பது) குடற் சுவரோடு ஒட்ட வையுங்கள். மலத்துக்குள் செருகினால் வேலை செய்யாது, அநேகருக்குத் தவறுவது இங்கேதான். 15 முதல் 20 நிமிடத்துக்குப் பிறகு, கையுறையும் ஜெல்லியும் போட்ட விரலால் 15 முதல் 20 செக்கன் மெதுவாகச் சுற்றுங்கள். ஐந்து பத்து நிமிட இடைவெளியில் திரும்பச் செய்யலாம். கால்கள் தொய்ந்து கிடக்கும் வகையினருக்கு, விரல் பட்டதும் குடல் தானாக அசையும் அந்த அனிச்சைச் செயல் இருக்காது. அவர்கள் தினமும் விரலால் எடுப்பதே வழி, மலம் சற்றுக் கட்டியாக இருப்பது நல்லது. ஒரு முறையைத் தொடங்கினால் குறைந்தது இரண்டு மூன்று கிழமை மாற்றாமல் செய்து பார்த்த பிறகே சரி பிழை சொல்லலாம். கொமோட் கதிரையின் விளிம்பு மெத்தென்று இருக்கட்டும், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அதில் இருக்க வேண்டாம்.

கேள்வி: நன்கொடையாகக் கிடைத்த சக்கர நாற்காலி. முன்னுக்குச் சறுக்குகிறேன், தோள் நோகிறது, பிறேக் பிடிக்குதில்லை.
வாசகி, உப்புவெளி

பதில்: மூன்றுக்கும் காரணம் கதிரை உங்கள் உடம்புக்கு அளந்து எடுக்கப்படாததே. இருக்கையின் ஆழம், பிட்டத்தின் பின்பக்கத்தில் இருந்து முழங்கால் மடிப்பு வரையுள்ள நீளத்தைவிட 3 முதல் 6 சென்ரிமீற்றர் குறைவாக இருக்க வேண்டும். கூடினால் இருக்கையின் முன்விளிம்பு முழங்கால் மடிப்பில் முட்டும், இடுப்பு முன்னே வரும், பாரம் வால் எலும்பில் ஏறும். பின்னால் கடினமான பஞ்சுத் திண்டு வைத்து ஆழத்தைக் குறைக்கலாம். அகலம் இடுப்போடு மட்டாக இருக்க வேண்டும். கூடிய அகலம் தோளுக்கு வினை, சில்லைப் பிடிக்கக் கையை வெளியே விரிக்க வேண்டிவரும். கால் மிதி உயரமாக இருந்தால் தொடை தூக்கிப் பிட்டத்தில் பாரம் சேரும். பதிவாக இருந்தால் சறுக்கும். தொடை முழுவதும் இருக்கையில் சமமாகப் படிய வேண்டும்.

பிறேக் பிடிக்காததற்கு முதல் காரணம் ரயரில் காற்றுக் குறைவு. பிறேக் கட்டை ரயரை அழுத்தித்தான் கதிரையை நிறுத்துகிறது. காற்று இறங்கினால் கட்டை ரயரை எட்டாது, கட்டிலுக்கு மாறும் நேரத்தில் கதிரை நழுவும். கிழமைக்கு ஒருக்கா காற்றுப் பாருங்கள். கடற்கரைக் காற்றில் முன்சில்லின் பெயரிங்கும் மடிக்கும் ஆணிகளும் துருவேறும். மணலில் போய் வந்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, மாதம் ஒருக்கா கிறீஸ் போடுங்கள்.

கையை ஊன்றி உடம்பைத் தூக்கி அழுத்தம் எடுப்பதைக் குறைக்கவும். தோள் தேயும், அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கவும் முடியாது. முழங்காலில் நெஞ்சு படக் குனிந்தோ, ஒரு பக்கம் நன்கு சாய்ந்தோ இரண்டு நிமிடம் இருங்கள். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருக்கா இதைச் செய்ய வேண்டும். திண்டு இல்லாமல் கதிரைத் துணியில் நேரே இருக்கவே கூடாது.

வீட்டு வாசலுக்குச் சரிவு கட்டுவதென்றால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அகலம் 90 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும். இடமில்லை என்று நீளத்தைக் குறைத்தால் பின்னுக்குக் கவிழும்.

கேள்வி: எனக்கு 28 வயது. டி 8 பாதிப்பு. இப்போது இரண்டு மாதம் கர்ப்பம். பிள்ளை பெறலாமா? சத்திரசிகிச்சை செய்துதான் எடுப்பார்களா?
பெயர் வேண்டாம், திருகோணமலை

பதில்: பெறலாம். முள்ளந்தண்டு வடப் பாதிப்பு என்பது மட்டுமே சத்திரசிகிச்சைக்குக் காரணமாகாது. உங்கள் குடும்ப நல உத்தியோகத்தரிடம் பதிவதோடு நிற்காமல், இந்த மாதமே பிரசவ விசேட வைத்திய நிபுணரைப் பார்க்க வேண்டும். எடுக்கும் குளிசை அத்தனையையும் கொண்டுபோங்கள், சிலவற்றை மாற்ற வேண்டியிருக்கும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

டி 10க்கு மேலே பாதிப்பு உள்ளவர்களுக்குப் பிரசவ வலி தெரியாமலே போகலாம். அதனால் ஏழாம் மாதத்தில் இருந்து தினமும் வயிற்றில் கை வைத்து, அது இறுகி இறுகித் தளர்கிறதா என்று பாருங்கள். கால் இழுப்புக் கூடுவதும் மூச்சு மாறுவதும் கூட அடையாளம். வைத்தியசாலையில் நேரத்தோடு அனுமதி கேளுங்கள். சலத் தொற்று அடிக்கடி வரும், எடை கூடக் கூடப் புண் வரும், இரும்புச் சத்துக் குளிசையால் மலம் இறுகும். மூன்றையும் முன்கூட்டியே எதிர்பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் இரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். டி 6 மட்டத்திலோ அதற்கு மேலேயோ பாதிப்பு உள்ள சகோதரிகள், மேலே நிலாவெளி வாசகருக்குச் சொன்ன நிலை பிரசவத்தின்போது வரலாம் என்பதை நிபுணருக்கும் மயக்க மருந்து வைத்தியருக்கும் முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். கர்ப்ப கால உயர் அழுத்தம் என்று தவறாக எடுக்க இடமுண்டு.

கேள்வி: மூன்று மாதத்துக்கு ஒருக்கா வான் பிடித்து ராகம போய் வருகிறோம். காசும் இல்லை, தம்பியின் உடம்பும் தாங்குதில்லை. இங்கேயே பார்க்க முடியாதா?
வாசகி, குச்சவெளி

பதில்: பெரும் பகுதியை இங்கேயே பார்க்கலாம். இரத்தத்தில் கிரியற்றினின், சலக் கல்ச்சர், சிறுநீரக ஸ்கேன், எக்ஸ்ரே, குழாய் மாற்றுதல், புண் கட்டுதல், வழமையான குளிசை இவற்றுக்கு 250 கிலோமீற்றர் ஓட வேண்டியதில்லை. ராகம புனர்வாழ்வு வைத்தியசாலையின் விசேட வைத்தியரிடம் அடுத்த தடவை ஒரு கடிதம் கேளுங்கள்: என்ன மருந்து, எவ்வளவு, வருடத்தில் எந்தப் பரிசோதனை எப்போது, எது நடந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தக் கடிதத்தைத் திருகோணமலை வைத்தியசாலை கிளினிக் கொப்பியில் ஒட்டிவிட்டால், வைத்தியர் மாறி வந்தாலும் தொடர்ச்சி இருக்கும். வாய்ச்சொல்லாகக் கொண்டுவருவது நிலைக்காது.

ஸ்கேன் வருடத்துக்கு ஒரு தடவை கட்டாயம். கிரியற்றினினை மட்டும் நம்ப வேண்டாம். கால் சதை வற்றியவரின் இரத்தத்தில் அது இயல்பாகவே குறைவு, சிறுநீரகம் பழுதான பிறகும் "நோர்மல்" என்று காட்டும். வலி அல்லது மரப்பு மேலே ஏறி வருகிறது, கையின் பலம் புதிதாகக் குறைகிறது என்றால் எத்தனை வருடம் கழிந்திருந்தாலும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். வடத்துக்குள் நீர்க்குழி உருவாகியிருக்கலாம். அதற்கு ராகமயோ கொழும்போ போவது தகும்.

கால் இழுப்புக்கு பக்லோஃபென் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கிளினிக்கில் மருந்து இல்லை என்று சொல்லி வெறுங்கையோடு திரும்பக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு, கடுங்காய்ச்சல், மாயத் தோற்றம் வரும். துண்டை வாங்கி வெளியே பாமசியில் எடுங்கள். ஒரு கிழமைக்கான குளிசை எப்போதும் வீட்டில் கையிருப்பில் இருக்கட்டும்.

போக வேண்டியிருந்தால், வானில் அவருடைய திண்டின் மேலேயே இருத்துங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா சாய்க்கவும். வைத்தியசாலையில் மணிக்கணக்கில் ட்ரொலியில் கிடத்தினாலும் எக்ஸ்ரே மேசையில் விட்டாலும் புதுப் புண் அங்கேயே தொடங்கும். "உணர்வில்லாதவர், திண்டு போட வேண்டும், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா புரட்ட வேண்டும்" என்று பொறுப்புத் தாதியிடம் சொல்லிக் குறிப்பில் எழுதுவியுங்கள். கதிரையில் இருந்தபடியே பார்த்து அனுப்புவதை ஏற்க வேண்டாம். கட்டிலில் ஏற்றி உடுப்பைக் களைந்து பிட்டத்தைப் பார்க்காத பரிசோதனை பாதிப் பரிசோதனைதான். வலது குறைந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், பொதுக் கட்டடங்களில் நுழைவு வசதி வேண்டும் என்ற 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும் உங்கள் பக்கம் இருக்கின்றன. மலசலகூடத்துக்குள் கதிரை நுழையாத இடங்களைப் பற்றி வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். மாதாந்தக் கொடுப்பனவு, சக்கர நாற்காலி, வீட்டுச் சரிவு ஆகியவற்றுக்குப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் வைத்தியச் சான்றும் கையில் இருந்தால் அலைச்சல் குறையும்.

கேள்வி: இந்தியாவில் ஸ்ரெம் செல் ஊசி போட்டால் நடக்கலாம் என்கிறார்கள். காணியை விற்கலாமா?
வாசகர், சேருநுவர

பதில்: விற்க வேண்டாம். அறுந்த வடத்தைத் திரும்பச் சேர்த்து நடக்க வைக்கும் சிகிச்சை என்று நிரூபிக்கப்பட்ட எந்த ஊசியும் இன்று இல்லை. உண்மையான ஆராய்ச்சியில் சேர்ப்பவர்கள் உங்களிடம் சிகிச்சைக்குக் காசு வாங்கமாட்டார்கள். அந்தக் காசில் ஒரு பகுதி போதும், நல்ல திண்டு, அளவான கதிரை, வாசலுக்குச் சரிவு, கதவு அகலித்த மலசலகூடம் எல்லாம் செய்யலாம்.

கேள்வி: கச்சான் காற்றுக் காலத்தில் கணவருக்கு உடம்பு கொதிக்கிறது, காய்ச்சல் மருந்துக்கு இறங்குதில்லை.
வாசகி, பாலையூற்று

பதில்: கழுத்திலோ மேல் மார்பிலோ பாதிப்பு என்றால் அடிபட்ட மட்டத்துக்குக் கீழே வேர்க்காது. வெளிச்சூடு அப்படியே உடம்பில் தங்கும். பனடோல் அதற்கு வேலை செய்யாது. முதலில் தொற்று இல்லை என்று உறுதிசெய்யுங்கள். சலமும் தோலும் வழமைபோல் இருக்கிறதா, குளிர் நடுக்கம் இல்லையா என்று பாருங்கள். பிறகு நிழலுக்கு எடுத்து, ஈரத் துவாயைக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் போட்டு விசிறி பிடியுங்கள். ஐஸ் கட்டியை நேரே தோலில் வைத்தால் உணர்வில்லாத தோல் கருகும், துணி சுற்றியே வைக்க வேண்டும். செடிகளுக்கு அடிக்கும் சிறு ஸ்பிறே போத்தலில் தண்ணீர் நிரப்பிக் கையருகே வைத்தால் அவரே முகத்திலும் கையிலும் அடித்துக்கொள்வார். வெயில் உச்சியில் நிற்கும் 11 மணி முதல் 3 மணி வரை தகரக் கூரைக்குக் கீழே இருத்த வேண்டாம். வெயிலில் நின்ற கதிரையின் இரும்பையும் இருக்கையையும் உங்கள் கையால் தொட்டுப் பார்த்த பிறகே அவரை ஏற்றுங்கள். பேச்சுக் குழறினாலோ மயங்கினாலோ 1990க்கு அழைத்து, அவர்கள் வரும் வரை நனைத்துக்கொண்டே இருங்கள்.